கணினியை மாற்றினால் மேட்ச் தெளிவாகத் தெரியுமா?

பத்திராதிபர் அவர்களுக்கு,

கிரிக்கெட் சுற்றுப்போட்டி ஒன்று நெருங்கினால் மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கக் கணினிக் கடைகளில் ஒரே கேள்விதான். "மேட்ச் பார்க்கப் படம் கலங்குது, விட்டு விட்டு வருது. ரேம் கூட்டினாச் சரிவருமா, கிராபிக்ஸ் கார்ட் போடணுமா, இல்ல மெஷினையே மாத்தணுமா?" பல வீடுகளில் இந்த மூன்றுமே தேவையில்லை. சில வீடுகளில் உண்மையிலேயே தேவை. உங்கள் வீடு எந்த வகை என்பதைப் பத்து நிமிடத்தில், ஒரு சதமும் செலவில்லாமல், வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அதைச் செய்யாமல் காசைக் கொட்டுவதும், அதைச் செய்து பார்க்கச் சொல்லாமல் பொருளை விற்பதும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

நேரலை எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒளிபரப்பும் சேவை ஒரே ஆட்டத்தை 360பி, 480பி, 720பி, 1080பி என்று (எண் கூடினால் படத்தின் புள்ளிகளும் கூடும்) பல தரங்களில் சுருக்கி, ஒவ்வொன்றையும் சில செக்கன் நீளத் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. உங்கள் பிரவுசர் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வேகத்தில் வந்து சேர்ந்தது என்று அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தீர்மானிக்கிறது. படத்தின் தெளிவு துண்டு வெட்டப்பட்ட இடத்திலேயே முடிவாகிவிட்டது. கணினியின் வேலை அதை விரித்துக் காட்டுவது மட்டும். ஒரே 720பி துண்டைப் பத்து வருடப் பழைய ஐ5 புரோசசர் விரித்தாலும் நேற்று வாங்கிய ஐ9 விரித்தாலும் திரையில் விழுவது அதே படம்தான். கிணறு வற்றிக் கிடக்கும்போது மோட்டாரை மாற்றித் தண்ணீர் வராது.

நாடகமோ செய்தியோ தெளிவாக ஓடும் அதே இணைப்பில் கிரிக்கெட் மட்டும் ஏன் கலங்குகிறது? வீடியோவைச் சுருக்கும் முறை முந்தைய பிரேமிலிருந்து (அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு பிரேம்) எது மாறியதோ அதை மட்டும் அனுப்பி இடம் மிச்சம் பிடிக்கிறது. செய்தி வாசிப்பவரின் பின்னால் எதுவும் அசைவதில்லை. பந்து எல்லைக் கோட்டை நோக்கி ஓட, கமராவும் கூடவே திரும்பும்போது, புல்லும் பார்வையாளர் கூட்டமும் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் மாறுகின்றன. ஒதுக்கப்பட்ட மெகாபிட் (செக்கனுக்கு வரும் தரவின் அளவு) போதாமல் புல்வெளி பச்சைக் களியாகிவிடும்.

பிரேம் எண்ணிக்கையும் அதே அளவு முக்கியம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து செக்கனுக்கு ஏறத்தாழ 39 மீற்றர் போகும். செக்கனுக்கு 25 பிரேம் காட்டும் நேரலையில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து ஒன்றரை மீற்றருக்கு மேல் தாண்டிவிடுகிறது. கிறீசிலிருந்து கிறீஸ் வரையுள்ள 17.68 மீற்றருக்குள் உங்களுக்குக் கிடைப்பது 11 அல்லது 12 பிரேம். 50 பிரேம் நேரலையென்றால் 22 அல்லது 23. ஆகவே மேட்ச் பார்க்க, 25 பிரேமில் வரும் 1080பியைவிட 50 பிரேமில் வரும் 720பி மேலானது. தர மெனுவில் 720பி50 அல்லது 720பி60 என்று இருந்தால் அதைத் தெரிவு செய்து பூட்டி வையுங்கள். ஓட்டோவில் விட்டால் தரம் ஏறி இறங்கி, முக்கியமான ஓவரில்தான் மங்கும்.

இனிச் சோதனை. யூடியூபில் ஏதாவது விளையாட்டு நேரலையைத் திறந்து முழுத்திரையாக்கி, படத்தின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலின் அடியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்' என்றிருக்கும். அதைச் சொடுக்கினால் மூலையில் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: விழுந்த பிரேம், அதாவது கணினி காட்ட முடியாமல் விட்டதை டிராப்ட் என்று எழுதியிருக்கும் எண்; 'பஃபர் ஹெல்த்', அதாவது முன்கூட்டியே வந்து சேர்ந்த வீடியோவின் செக்கன் கணக்கு; இப்போது ஓடும் தரம். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். இதை எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்குச் செய்ய வேண்டும். காலை பத்து மணிக்குச் செய்த சோதனையால் பயனில்லை.

விழுந்த பிரேம் எண் நிற்காமல் ஏறுகிறது, ஆனால் பஃபர் குறையவில்லை என்றால் குற்றம் கணினியில். பஃபர் திரும்பத் திரும்பப் பூச்சியத்தை நோக்கி இறங்கி, படம் நின்று வட்டம் சுற்றுகிறது அல்லது தரம் தானாக 360பிக்கு விழுகிறது என்றால் குற்றம் இணைப்பில். பிரேம் விழவில்லை, பஃபரும் நன்றாக இருக்கிறது, 1080பி என்றே காட்டுகிறது, படம் மட்டும் கலங்கல் என்றால் அனுப்புகிறவரே அப்படித்தான் அனுப்புகிறார். அதற்கு உங்கள் வீட்டில் மாற்ற எதுவுமில்லை. தொடக்கத்தில் பத்து இருபது பிரேம் விழுந்து பிறகு நின்றுவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

யூடியூப் அல்லாத பல சேவைகளில் இந்தப் பெட்டி இருக்காது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'வீடியோ டிகோட்' என்ற வரைபடத்தில் கோடு அசைந்தால், வீடியோவை விரிப்பதற்கென்றே சில்லுக்குள் இருக்கும் தனிப்பகுதி வேலை செய்கிறது. அப்போது புரோசசர் பெரிதாகச் சிரமப்படாது. அந்தக் கோடு தரையில் படுத்துக்கிடக்க, புரோசசர் 90, 100 சதவீதத்தில் நின்றால் அந்தத் தனிப்பகுதி வேலை செய்யவில்லை என்று பொருள்.

அப்படிக் கண்டாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட்ட மெஷின்களில் கிராபிக்ஸ் டிரைவர் (அந்தச் சில்லை இயக்கும் மென்பொருள்) போடாமல் விடுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா பெயர்களில் ஒன்றுக்குப் பதிலாக 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்றிருந்தால், காரணம் கையில் கிடைத்துவிட்டது. மெஷினைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டால் போதும். அடுத்தது, குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் வேகமூட்டல் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஏதோ கோளாறுக்காக யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் பிரேம் விழுந்தால் புரோசசரின் தலைமுறையைப் பார்க்க வேண்டும். இன்டெலில் மாதிரி எண்ணே அதைச் சொல்லும்: ஐ5-3470 என்றால் 3ஆம் தலைமுறை, ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை. எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவை 2011இல் வந்த 2ஆம் தலைமுறையிலிருந்தே வன்பொருள், அதாவது மேலே சொன்ன தனிப்பகுதி, விரித்துவிடும். மற்றச் சுருக்கும் முறைகளான எச்.265க்கு 6ஆம் தலைமுறை, விபி9க்கு 7ஆம் தலைமுறை, ஏவி1க்கு 11ஆம் தலைமுறை வேண்டும். யூடியூப் உங்களுக்கு எதை அனுப்புகிறது என்பது அதே சிறு பெட்டியில் கோடெக்ஸ் வரியில் தெரியும். அங்கே ஏவிசி1 என்று தொடங்கினால் எச்.264; விபி09, ஏவி01 என்றால் மற்றவை. 4ஆம் தலைமுறை ஐ5 போன்ற நான்கு கோர் மெஷினுக்கு விபி9 வன்பொருள் முழுமையாக இல்லாவிட்டாலும் புரோசசர் பலத்தாலேயே 1080பியைச் சமாளித்துவிடும். கோர் 2 டியோ, பழைய செலரோன், அட்டம் வகைகள்தான் 50 பிரேம் நேரலையில் திணறும். அவற்றுக்கும் ஒரு செலவில்லாத வழி உண்டு: பிரவுசரில் ஓர் இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டு யூடியூபை எச்.264 மட்டும் அனுப்பச் செய்து, தரத்தை 720பியில் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிரேம் விழுந்தால் மெஷினை மாற்றுவது நியாயம். மாற்றும்போதும் கேமிங் மெஷின் வேண்டாம். 7ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள, வெளிநாட்டு அலுவலகத்தில் பாவித்து இறக்குமதியான சிறிய டெஸ்க்டொப் ஒன்றே இந்த வேலைக்குத் தாராளம்.

கிராபிக்ஸ் கார்ட் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்த விலையில் கிடைப்பதால் ஜிடி 710 என்ற கார்டைப் பலர் வாங்கிப் பொருத்துகிறார்கள். அதில் விபி9க்கோ எச்.265க்கோ வன்பொருள் விரிப்பு இல்லை. 7ஆம் தலைமுறை மெஷினில் அதைப் பொருத்தி மொனிட்டர் வயரை அதற்கு மாற்றினால், மதர்போர்டின் வழியாக நன்றாக ஓடிய வீடியோவை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். கார்ட் அவசியமென்றால் ஜிடி 1030 அளவாவது இருக்க வேண்டும்.

ரேம் 4 ஜிபி மட்டும் உள்ள விண்டோஸ் 10 மெஷினில் குரோம் பத்துப் பக்கத்தோடு திறந்திருந்தால், இடம் போதாமல் ஹார்ட் டிஸ்குக்கு எழுதி வாசிக்கத் தொடங்கும், மேட்ச் விக்கும். 8 ஜிபி ஆக்கினால் அந்த விக்கல் போகும். 8ஐ 16 ஆக்கினால் நேரலையில் எந்த மாற்றமும் இராது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி நல்ல பொருள், மெஷின் சட்டென்று எழும்பும், ஆனால் படத்தின் தெளிவோடு அதற்குத் தொடர்பில்லை.

நம் கடற்கரைப் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணம் சூடு. கல்லடி, நாவலடி, ஆரையம்பதி, மருதமுனை போன்ற இடங்களில் உப்புக் காற்றின் ஈரமும் மணல் தூசியும் சேர்ந்து புரோசசர் விசிறியின் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளி போல் படிந்துவிடும். புரோசசரின் வெப்பத்தை அந்தத் தகடுகளுக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்டும் வருடங்கள் போகக் காய்ந்து சுண்ணாம்பாகும். வெப்பம் 95, 100 பாகையைத் தொட்டதும் புரோசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு விக்கத் தொடங்கும் மெஷினென்றால் முதல் சந்தேகம் இதுதான். மெஷினை அணைத்து, வயரைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோவரால் ஊதி, பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் துடைத்துவிட்டு, பயறளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும்.

அடுத்தது இணைப்பு. பெரும்பாலான முறைப்பாடுகள் வந்து முடிவது இங்கேதான். சேவைக்குச் சேவை மாறினாலும், 720பி 50 பிரேமுக்குச் சுமார் 3.5 முதல் 5 மெகாபிட், 1080பி 50 பிரேமுக்கு 6 முதல் 9, 4கேக்கு 15 முதல் 25 என்று வைத்துக்கொள்ளலாம். இவை இடைவிடாமல் கிடைக்க வேண்டிய வேகங்கள். ஏறி இறங்கும் இணைப்பில் ஒன்றரை மடங்கு கையிருப்பு தேவை. வேகச் சோதனையை இரவில் மூன்று முறை செய்து, மூன்றில் குறைந்த எண்ணையே கணக்கில் எடுங்கள். ஐபிஎல் இரவு ஆட்டம் தொடங்கும் 7.30 மணிதான் ஊர் முழுதும் வேலை முடிந்து கைபேசியைக் கையில் எடுக்கும் நேரமும். 4ஜி டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். டேட்டாக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 5 மெகாபிட் நேரலை மணிக்கு 2.25 ஜிபி தின்னும். மூன்றரை மணி நேர இருபது ஓவர் ஆட்டம் ஒன்று ஏறத்தாழ 8 ஜிபி. மாத நடுவில் பக்கேஜ் முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருப்பதை அறியாமல் கணினியைக் கடைக்குத் தூக்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வைஃபையைச் சந்தேகியுங்கள். நகரத்தில் பைபர் வந்த வீட்டில்கூட, மேசைக் கணினியின் பின்னால் செருகிய சிறிய யூஎஸ்பி வைஃபை டொங்கிள் 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் பேசுவதாக இருந்தால், அடுத்த வீட்டு ரவுட்டர்களோடு மோதி வேகம் சரிந்துவிடும். ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கெட் 5ஈ லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். 100 மீற்றர் வரை தாராளமாக ஓடும். கேபிளில் பிரச்சினை மறைந்தால் மருந்து அந்தக் கேபிளேதான். கேபிள் இழுக்க முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்கும் டொங்கிள் வாங்கி, யூஎஸ்பி நீட்டு வயரில் மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். கணினிப் பெட்டியின் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டொங்கிளுக்குச் சிக்னல் எட்டாது.

படுவான்கரைப் பக்கம், வெல்லாவெளி, வவுணதீவு போன்ற இடங்களில் 4ஜி ரவுட்டரை நம்பியிருப்போர் ரவுட்டரின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து இரண்டு எண்களைப் பார்க்கலாம். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருப்பது வழக்கம். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) −95ஐ விட நன்றாக, அதாவது −90, −80 என்று இருந்தால் சிக்னல் போதும். −110க்குக் கீழே போனால் சிரமம். எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிடச் சிக்னலின் தெளிவு) 15, 20 என்றால் நன்று, 5க்குக் கீழே போனால் சிக்னல் கோடு எத்தனை காட்டினாலும் வேகம் வராது. ரவுட்டரை ஜன்னல் ஜன்னலாக மாற்றி வைத்து இந்த எண்களைக் குறித்துக்கொண்டு, நல்ல இடத்தில் நிரந்தரமாக வையுங்கள். வெளி அன்டெனா போடுவதானால் ரவுட்டரில் இரண்டு துளை இருந்தால் இரண்டுக்கும் இணைப்புக் கொடுங்கள், வயரைக் குறுக்குங்கள். மெல்லிய வயரில் பத்து மீற்றர் இழுத்தால் அன்டெனா பிடித்ததில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். வெளியே உள்ள இணைப்பு முனைகளைத் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றாவிட்டால் மாரியில் நனைந்து கோடையில் துருப்பிடிக்கும். இன்னும் செப்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணையம் பாவிக்கும் வீடுகளில் சுவர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கம்பி நுனியில் பச்சை பூத்திருந்தால் வெட்டிச் சுரண்டிப் புதிதாகப் பொருத்த வேண்டும். அந்தப் பச்சையால் மட்டும் இணைப்பு மணிக்குப் பலமுறை அறுந்து ஒட்டும்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1366க்கு 768 புள்ளி கொண்ட பழைய மொனிட்டரில் 1080பிக்கும் 720பிக்கும் வேறுபாடு தேடுவது கண்ணுக்கு வீண் வேலை. அந்த வீட்டில் காசு செலவழிப்பதானால் முதலில் திரைக்குத்தான். கணினியை எச்டிஎம்ஐ வயரால் ரீவிக்குக் கொடுப்போர், ரீவியின் பட அளவை 'ஜஸ்ட் ஸ்கான்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ரீவி ஓரங்களை வெட்டிப் படத்தை இழுத்துப் பெருப்பித்து மங்கலாக்கும். இலங்கை, இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆட்டங்கள் செக்கனுக்கு 50 பிரேம் என்ற கணக்கில் படமாக்கப்படுகின்றன. கணினித் திரையோ 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது. 50ஐ 60இல் காட்ட ஒவ்வொரு ஐந்தாவது பிரேமும் இருமுறை வர வேண்டும். கமரா மெல்லத் திரும்பும்போது தெரியும் அந்தத் துள்ளல் இதனால் வருவது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் ரீஃப்ரெஷ் ரேட்டை 50 ஆக்கிப் பாருங்கள். ரீவிகள் ஏற்கும், பல மொனிட்டர்கள் ஏற்கா.

கட்டணச் சேவைகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் உரிமைப் பாதுகாப்பு ஒரு தடையாக வரலாம். பழைய விஜிஏ வயரில் அந்தப் பாதுகாப்புச் சமிக்ஞை செல்லாது. சில சேவைகள் தரத்தைக் குறைக்கும், அல்லது கறுப்புத் திரை காட்டும். குரோமில் மங்கலாக வருவது எட்ஜில் தெளிவாக வருவதும் உண்டு. திருட்டு இணைப்புத் தளங்களைப் பற்றி எங்கள் கருத்து கண்டிப்பானது. எச்டி என்று எழுதியிருந்தாலும் சுருக்கியதையே மறுபடி சுருக்கி அனுப்புகிறார்கள், பின்னணியில் ஓடும் விளம்பரக் குறிமுறைகள் புரோசசரைத் தின்கின்றன, வைரஸும் அந்த வாசலால்தான் வருகிறது. அங்கே படம் சரியில்லை என்று கணினியை மாற்றுவது வீண்.

புதிய கார்ட் படத்தைச் சற்று அழகாக்கும் இடம் ஒன்று உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு 2023இல் வந்த வீடியோ சூப்பர் ரெசலூஷன் வசதி, குறைந்த தர நேரலையின் ஓரங்களையும் ஓட்டப்பலகை எழுத்தையும் கூர்மையாக்கும். வராத பிரேமையும் களியாகிவிட்ட பந்தையும் அதனால் மீட்க முடியாது. இதற்காக மட்டும் அந்த விலை கொடுக்க நாங்கள் சொல்லமாட்டோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், பாதுகாப்புக் கருதி மெஷினை மாற்ற நினைப்பது வேறு விடயம். அது சரியான காரணம். அந்த நிலையிலுள்ளோர் விண்டோஸ் 11 ஏற்கும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வாங்கினால் இரண்டு தேவையும் ஒன்றாக முடியும்.

கடைசியாக, நம்மூர் ஆட்டங்கள். மட்டக்களப்பு வெபர் மைதானத்திலும் கல்முனை சந்தாங்கேணியிலும் நடக்கும் சுற்றுப்போட்டிகளை இளைஞர்கள் கைபேசியில் நேரலையாகத் தருவதைக் கடல் கடந்த உறவுகள் ஆவலோடு பார்க்கிறார்கள். அது கலங்கினால் பார்க்கிறவரின் கணினி எதுவும் செய்ய முடியாது. சரிசெய்ய வேண்டியவர் அனுப்புகிறவர். மைதானத்தில் நின்று வேகச் சோதனை செய்து அப்லோட் (அனுப்பும் வேகம்) எண்ணைப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் பாவிக்காதீர்கள். 8 மெகாபிட் கிடைத்தால் 720பி 30 பிரேம், 4 மெகாபிட். 3 தான் கிடைத்தால் 480பிக்கு இறங்குங்கள். தெளிவான 480பி, களியான 1080பியைவிட நூறு மடங்கு நல்லது. கூட்டம் சேர்ந்ததும் டவர் நெரிசலாகும் என்பதால் இறுதியாட்டத்தன்று வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும். கையில் பிடித்து எடுத்தால் ஒவ்வொரு நடுக்கமும் முழுப் படத்தையும் மாற்றி, இருக்கும் மெகாபிட்டை விழுங்கிவிடும். முக்காலி கட்டாயம். விரலால் இழுத்துப் பெருப்பிக்காமல் கமராவோடு கிட்டப் போங்கள், குவியத்தைப் பூட்டுங்கள். வெயிலில் சூடேறிய கைபேசி ஆட்டத்தின் நடுவில் தானாக நேரலையை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஒரு குடையாவது பிடியுங்கள்.

இப்படிக்கு,
கணினி, வலையமைப்புத் திருத்த வேலை செய்வோர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.